நிறுத்திய பிறகு பத்து நிமிடம்

காரின் முன் இருக்கையிலிருந்து பின் இருக்கைக்குக் கதவைத் திறக்காமல் போவது எப்படி என்று யாராவது கேட்டால், அவளால் உட்கார வைத்து வகுப்பே எடுக்க முடியும். செருப்பைக் கழற்றிவிட வேண்டும். துப்பட்டாவை இடுப்பில் சுற்றிச் செருக வேண்டும், இல்லையென்றால் கைபிரேக்கில் மாட்டிக் கழுத்தை நெரிக்கும். இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில் இருக்கும் பெட்டிமேல் ஒரு முழங்காலை ஊன்றி, தலையைத் தாழ்த்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகச் சரிய வேண்டும். பிள்ளை பெற்று ஐந்து மாதம்கூட ஆகாத இடுப்பு ஒவ்வொரு முறையும் இதெல்லாம் தேவையா என்று கேட்டது. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கதவைத் திறந்து இறங்கிப் பின்கதவால் ஏறினால் அரை நிமிட வேலை. ஆனால் அந்தக் காருக்கு ஒரு குணம் இருந்தது. எஞ்சினை நிறுத்திய பிறகும் பத்து நிமிடம் ரேடியோவுக்கும் சார்ஜர் செருகும் துளைக்கும் மின்சாரம் கொடுக்கும். ஓட்டுநர் பக்கத்துக் கதவு திறந்ததோ, போச்சு. ஆள் இறங்கியாயிற்று, இனி யாருக்காக என்று எல்லாவற்றையும் பட்டென்று அணைத்துவிடும். முன்னால் உட்கார்ந்தே வேலையை முடிக்கலாமென்றால், அலுவலகக் கட்டடத்தின் அடித்தளக் கார் நிறுத்தத்தில் முன்கண்ணாடி வழியாக அவளுக்கு எல்லாரும் தெரிவார்கள். எல்லாருக்கும் அவளும் தெரிவாள். பின் கண்ணாடிகளுக்குத்தான் கறுப்புத் திரை இருந்தது.

வேலை என்பது பால் எடுப்பது. காலை பதினொன்றுக்கு ஒரு முறை, மதியம் மூன்றேகாலுக்கு ஒரு முறை. பம்ப் அக்காவுடையது. அக்கா மகனுக்கு இப்போது ஏழு வயது; பம்புக்குள் இருந்த பேட்டரி அவன் நடக்கத் தொடங்கியபோதே செத்துவிட்டது. வயரைச் செருகினால்தான் ஓடும். ஓடும்போது, வயசான யாரோ மூக்கடைப்போடு தூங்குவதுபோல ஒரு சத்தம் போடும்.

முதல் நாலைந்து நிமிடம் ஒன்றும் வராது. உடம்புக்கு நம்பிக்கை வர வேண்டும். கண்ணை மூடி, பாப்பாவின் உச்சந்தலையை, அதன் மணத்தை நினைத்துக்கொண்டிருந்தால் மெல்லச் சுரக்கும். நன்றாகச் சுரக்கத் தொடங்கும்போது சரியாகப் பத்து நிமிடம் ஆகிவிடும். கார் அணைந்துவிடும். மறுபடியும் முன்னால் ஏறி, பொத்தானை அமுக்கி, எஞ்சினை ஓடவிட்டு, அணைத்து, மறுபடியும் பின்னால் சரிந்தால், உடம்பு கோபித்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டே உட்காரவும் வழியில்லை. இரண்டாம் நாளே வாட்ச்மேன் வந்து கண்ணாடியைத் தட்டிவிட்டார்.

"மேடம், வண்டிய ஆஃப் பண்ணுங்க. புகை வருதுன்னு மேல உள்ளவங்க என் உயிர எடுக்கிறாங்க."

துப்பட்டாவை முழுசாகப் போர்த்திக்கொண்டு, ஜன்னலை ஒரு விரல் கனத்துக்கு இறக்கி, "ஒரு ஃபோன் பேசிட்டு இருக்கேன் அண்ணே," என்றாள்.

"பேசுங்க, பேசுங்க. தினம் வந்து பேசுறீங்க. குடுத்து வச்சவங்க. எனக்கெல்லாம் வீட்டுலயிருந்து ஃபோன் வந்தா திட்டுதான் வருது."

அலுவலகத்தில் அறை இல்லையா என்றால், இருந்தது. மூன்று நாள் இருந்தது. அவள் வேலை பார்த்தது கட்டட வரைபடங்கள் போடும் ஒரு நிறுவனத்தில். முதலாளி எப்போதும் காதில் பென்சிலைச் செருகியபடியே திரிவதால், எல்லாருக்கும் அவர் பென்சில் சார். விடுப்பு முடிந்து அவள் வந்த அன்று, பழைய தாள்கள் அடுக்கியிருந்த சின்ன அறையை அவரே நின்று காலி பண்ணச் சொல்லி, "இது உன் ரூம்மா. உள்பக்கம் தாழ்ப்பாள்கூடப் போட்டாச்சு," என்றார். நாலாம் நாள் காலையில் அந்த அறைக்குள் ஆளுயரத்துக்கு ஒரு புது பிளாட்டர் வந்து நின்றது. பெரிய வரைபடங்களை அச்செடுக்கும் இயந்திரம். அதற்கு வேறு இடமில்லையாம். "ஒரு வாரம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா," என்றார் பென்சில் சார். அந்த ஒரு வாரம் ஏழு வாரமாக ஓடிக்கொண்டிருந்தது. இதில் கொடுமை என்னவென்றால், அதே ஏழு வாரமும் அவள் ஒரு வணிக வளாகத்துக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தாள். அதில் ஒவ்வொரு மாடியிலும் தாய்மார் பாலூட்டும் அறை. கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும், நாற்காலி எங்கே, கை கழுவும் தொட்டி எங்கே என்று அங்குலம் அங்குலமாக வரைந்தாள்.

வீட்டில் அவள் இதைச் சொல்லவில்லை.

சொல்ல நினைத்த நாள்கள் உண்டு. ஆனால் வேலைக்குத் திரும்புவதற்கு முன் வீட்டில் நாலு நாள் நடந்த சண்டை அவளுக்கு வரி வரியாக நினைவிருந்தது. "ஒரு வருஷம் வேலைய விட்டா என்ன குடி முழுகிடும்? பாப்பாவுக்குப் பால் என்ன ஆகும்னு யோசிச்சியா?" என்று கணவன் கேட்டதும், "எல்லாம் யோசிச்சாச்சு, ஆபீஸ்ல ரூம் குடுக்கிறாங்க," என்று அவள் அடித்துப் பேசியதும். அந்த அறையை வைத்துத்தான் அவள் ஜெயித்தாள். அறையில்லை என்று சொன்னால், 'நான் அப்பவே சொன்னேன்ல' என்று ஒரு வாக்கியம் வரும். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்காமல் இருப்பதற்காக அவள் தினமும் இரண்டு தடவை கைபிரேக்கைத் தாண்டினாள். புது பம்ப் வாங்கலாமென்றால், ஏன், ஆபீஸ் ரூம்ல பிளக் இல்லையா என்று கேள்வி வரும். ஒரு பொய்யை வைத்துக் காப்பாற்றுவது கைக்குழந்தையை வைத்துக் காப்பாற்றுவதுபோல இருந்தது. அதற்கும் நேரத்துக்கு நேரம் ஏதாவது கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

கணவன் நீச்சல் பயிற்சியாளன். விடிவதற்கு முன்னே காரை எடுத்துக்கொண்டு குளத்துக்குப் போவான். ஏழரைக்குத் திரும்பி வந்ததும் கார் அவளுக்கு. எந்தப் பொருள் வாங்கினாலும் அதன் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசிப்பவன். மிக்சியின் கையேட்டைக்கூட அடிக்கோடு போட்டு வாசித்தவன். மனசுக்குள் அவள் அவனுக்கு வைத்திருந்த பெயர் கையேடு.

ஒரு நாள் விடிகாலையில் கார் கிளம்பவில்லை. பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. குளத்தின் சாவி அவனிடம். பதினாலு பிள்ளைகளும் அவர்களுடைய அப்பா அம்மாக்களும் பூட்டின கேட்டுக்கு முன்னால் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்கள். அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் கையேடு விரிந்தது. பேட்டரியைப் பற்றியும், எது எது எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்பதைப் பற்றியும் அவன் முக்கால் மணி நேரம் பேசினான். பாப்பா மடியில். அவள் 'ம்' கொட்டினாள். முதல் ஐந்து 'ம்' வரை அவள் விழித்திருந்தாள். அதற்குப் பிறகு கண் மட்டும் திறந்திருந்தது.

மறுநாள் பதினொன்றுக்கு எஞ்சினை அணைத்தாள். பம்ப் ஒரு மூச்சுகூட விடவில்லை. மின்சாரம் பத்து நிமிடமல்ல, பத்து நொடிகூட இல்லை.

"சனியனே," என்றாள் காரிடம்.

அன்று எஞ்சினை ஓடவிடாமலே பொத்தானை அமுக்கி ஏதேதோ பண்ணிப் பார்த்தாள். முன்விளக்கு எரிந்தது. எதிர்ச்சுவரில் வெளிச்சம் அடித்தது. வாட்ச்மேன் தூரத்திலிருந்து கையை ஆட்டிக்கொண்டே வந்தார். வாழ்க்கையில் முதல் முறையாக அவள் கார்த் திரையில் மெனுக்களைத் தோண்டினாள். வாகனம், மின்சாரம், அதற்குள் ஒன்று: நிறுத்திய பின் மின்சாரம். உடனே, நாற்பத்தைந்து நொடி, ஐந்து நிமிடம், பத்து நிமிடம். 'உடனே' என்பதில் புள்ளி இருந்தது. பத்தில் வைத்தாள். பேட்டரி ஒரு தடவை செத்துப் பிழைத்ததில் எல்லாம் கலைந்துபோயிருக்கும் என்று நினைத்தாள்.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் 'உடனே'. பத்தில் வைத்தாள். மறுநாளே 'உடனே'. பிறகு ஒரு வாரம் பத்து. பிறகு 'உடனே'. சூடாக்கிய சோறுபோல ஒரு எரிச்சல் அவளுக்குள் தினமும் ஆறாமல் இருந்தது. மனுஷர்கள் படுத்துகிறார்கள், சரி. இயந்திரமுமா?

அக்காவிடம்தான் பாப்பா பகலில் இருந்தாள். அக்கா மதியம் கூப்பிட்டாள்.

"என்னடி இது, இருமல் மருந்து மாதிரி ஊத்திக் குடுத்துட்டுப் போயிருக்க? நாலு உறிஞ்சுல முடிச்சிட்டு உன் பொண்ணு என்னை முறைக்கிறா. என்கிட்ட என்ன இருக்கு, அவ முறைக்க?"

"நாளைக்குக் கூட வரும்க்கா."

"நாளைக்கு, நாளைக்குன்னு ஒரு வாரமாச் சொல்ற. பவுடர் கலக்கட்டுமா?"

"கலக்கு," என்றாள். பவுடர் கொடுப்பதில் அவளுக்கு ஒன்றுமில்லை. எத்தனையோ பிள்ளைகள் குடித்து வளர்கின்றன. ஆனால் நிறுத்துவதென்றால் அவளாக நிறுத்த வேண்டும். ஒரு காரின் மெனு நிறுத்தக் கூடாது.

சர்வீஸ் நிலையத்துக்கு ஃபோன் போட்டுப் புகார் சொன்னாள். நாலு நாள் கழித்து மறுபடியும். சனிக்கிழமை வண்டியைக் கொண்டுவரச் சொன்னார்கள். எப்படி வீட்டில் சொல்லிக் கொண்டுபோவது என்று அவள் யோசிப்பதற்குள் அவனே சொன்னான்: "சனிக்கிழமை வண்டிய சர்வீஸுக்கு விடணும். ஏதோ ஒரு கோளாறு, ஒரு மாசமா என்னைப் பாடாப் படுத்துது."

"நானும் வரேன்," என்றாள்.

"நீ எதுக்கு? தூங்கு."

"சும்மா வரேங்க. வெளிய வந்த மாதிரியும் இருக்கும்."

கிரீஸ் வாசனையில் வெளியே வருவது என்ன உல்லாசமோ என்று அவன் பார்த்தான். அவன் மெக்கானிக்கோடு பானட்டுக்குள் தலையை விட்டதும், வரவேற்பு மேஜைக்குப் போய்த் தன் புகாரைத் தனியாகக் கேட்டுக்கொள்ளலாம் என்பது அவள் திட்டம்.

வரவேற்பு மேஜையில் இருந்த பெண்ணுக்கு வேறு திட்டம் இருந்தது. காதில் மைக் மாட்டியிருந்தாள். இருவரையும் சேர்த்து உட்கார வைத்தாள். கார் எண்ணைத் தட்டினாள். திரையைப் பார்த்தாள். இவர்களைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

"வண்டி ஒண்ணுதானே சார்?"

"ஒண்ணுதான். ஏன்?"

"இல்ல, கம்ப்ளெயின்ட் ரெண்டு இருக்கு. சார், நீங்க மூணு தடவ கூப்பிட்டிருக்கீங்க. 'வண்டிய ஆஃப் பண்ணினதும் கரண்டும் நிக்கணும்னு செட் பண்றேன், அதுவா பத்து நிமிஷத்துக்குப் போயிடுது.' மேடம், நீங்க ரெண்டு தடவ. 'பத்து நிமிஷம் செட் பண்றேன், அதுவா உடனே ஆஃப் ஆகுற மாதிரி மாறிடுது. இருபது நிமிஷம் வைக்க முடியுமா?'" அந்தப் பெண் உதட்டைக் கடித்தாள். சிரிப்பை அடக்குகிறாள் என்பது தெளிவாகத் தெரிந்தது. "வண்டில கோளாறு இருக்கிற மாதிரித் தெரியல சார்."

பின்னால் எங்கோ டயரில் காற்று அடிக்கும் சத்தம்.

"நீயா மாத்தின?" என்றான் அவன்.

"நீங்களா மாத்தினீங்க?"

"நான்தான் சொன்னேனே! அன்னைக்குச் சாப்பிடும்போது முழுசா விளக்கினேன். நீ 'ம்'னு சொன்ன."

"நான் எல்லாத்துக்கும்தான் 'ம்'ங்கிறேன்."

"மைக்ரோவேவ்ல மணி மாத்தத் தெரியாது உனக்கு. வாங்கின நாள்லயிருந்து பன்னண்டுலயே நிக்குது. நீ கார் மெனுவுக்குள்ள போவேன்னு நான் கனவா கண்டேன்? மென்பொருள்ல பிழைன்னு நினைச்சு கம்பெனிக்கு ரெண்டு பக்கம் கடிதாசி வேற எழுதி வச்சிருக்கேன்." சொல்லிக்கொண்டே வந்தவன் சட்டென்று நின்றான். "இரு. இருபது நிமிஷம் எதுக்கு?"

பாட்டு கேட்க என்று சொல்லலாம். ஃபோன் பேச என்று சொல்லலாம்; வாட்ச்மேன் ஏழு வாரமாக நம்புகிறார். பொய்கள் வரிசையில் வந்து நின்றன, ஒவ்வொன்றும் நன்றாக உடுத்திக்கொண்டு. அவள் அவற்றைப் பார்த்தாள். திடீரென்று பெரிய அலுப்பு வந்தது. மணி பதினொன்று தாண்டியிருந்தது. மார்பு கனக்கத் தொடங்கியிருந்தது. இன்னொரு பொய்யைத் தூக்கி வளர்க்க அவளிடம் தெம்பில்லை.

"பால் எடுக்க," என்றாள்.

"கார்லயா?"

"பின் சீட்டுல."

"ஆபீஸ்ல ரூம் இருக்குன்னு சொன்னியே?"

"இருந்துச்சு. மூணு நாள். அப்புறம் அதுல பிளாட்டர் வச்சிட்டாங்க."

வரவேற்புப் பெண் நாகரிகம் தெரிந்தவள். இல்லாத ஃபோனை எடுத்துப் பேசியபடி எழுந்து போனாள்.

அவன் அவளைப் பார்த்தான். வாயைத் திறந்தான். "நான் அப்..." என்று ஆரம்பித்தான், மூடிக்கொண்டான்.

"சொல்லுங்க," என்றாள். "முடிங்க. பாதியில நிறுத்தாதீங்க."

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லையா? 'நான் அப்பவே சொன்னேன்ல'. அதானே?"

"நான் சொல்லலையே."

அவன் சொல்லவில்லைதான். அதில்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏழு வாரமாக அந்த வாக்கியத்துக்குப் பதில் தயார் பண்ணியிருந்தாள். குளிக்கும்போது, வண்டி ஓட்டும்போது, பம்ப் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது. மூன்று விதமான பதில்கள், ஒன்றைவிட ஒன்று கூர்மையாக. எல்லாம் உபயோகமில்லாமல் போயிற்று. அந்த வாக்கியம் வந்தே தீரும் என்று அவள் ஒளிந்து திரிந்த காலமெல்லாம், அது அவன் வாய்க்குள்ளேயே அவனாலேயே விழுங்கக்கூடியதாக இருந்திருக்கிறது. இதை முன்பே தெரிந்துகொண்டிருந்தால் அவள் முழங்கால் இப்படிக் கன்றி நீலம் பாரித்திருக்காது.

அவன் மேஜைமேல் கிடந்த வேலைத்தாளைத் திருப்பினான். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான். பேசுவதற்கு ஒன்றும் கிடைக்காதபோது அவன் வரைவான். "சரி, இதக் கேளு. இருபது நிமிஷம் இந்த வண்டியில வராது, பத்துதான் அதிகபட்சம். அறுபத்தி மூணாம் பக்கம். ஆனா பேட்டரி பழசு, அதை மாத்திடுவோம். பின் சீட்டுக்கு நேரா தனியா ஒரு பிளக் பாயின்ட் எடுத்துட்டா, வண்டி ஆன்ல இருந்தாலும் ஆஃப்ல இருந்தாலும் கரண்டு வரும். இங்க ஒரு கம்பி, திரை மாட்டிக்கலாம். இங்க பாட்டில் வைக்க ஒரு தட்டு. முன் கண்ணாடிக்கும் மடிக்கிற மாதிரி ஒரு மறைப்பு…"

கோடுகள் நேராக விழுந்தன. இருக்கை, தட்டு, திரை. அவள் வரைபடக்காரி. அந்தப் படத்தில் ஒரு பிழையும் இல்லை என்பது அவளுக்கு ஒரே பார்வையில் தெரிந்தது. இவ்வளவு அக்கறையாக ஒருவன் தனக்காக வரைகிறானே என்று மனசு இளகியது. கூடவே அந்தத் தாளைக் கிழித்துப் போட வேண்டும்போலவும் இருந்தது. இது முடிந்துவிட்டால், இவ்வளவு வசதியாக முடிந்துவிட்டால், அடித்தளத்தில் இந்தக் காருக்குள்தான் அவள் இடம் என்று ஆகிவிடும். பென்சில் சார் இனி அறையைப் பற்றி யோசிக்கவே வேண்டியதில்லை. அவர் இப்போதும் யோசிக்கவில்லை. அவரை யோசிக்க வைக்காமல் ஏழு வாரம் பார்த்துக்கொண்டது அவள்தான். ஒரு வார்த்தை அவரிடம் கேட்டாளா? பத்து நிமிடம், இன்னும் பத்து நிமிடம் என்று அவள் கெஞ்சிக்கொண்டிருந்தது ஒரு காரிடம்.

"வேண்டாம்," என்றாள்.

"ஏன்? செலவு ஒண்ணும் பெரிசா ஆகாது."

"பேட்டரிய மட்டும் மாத்துங்க. பிள்ளைங்க கேட்டுல நிக்க வேண்டாம். எனக்குக் கார்ல ரூம் வேண்டாம்."

"அப்ப எங்க எடுப்ப?"

"ரூம்லதான்."

"ரூம்லதான் பிளாட்டர் நிக்குதே?"

"நிக்கட்டும். அதுக்குக் கண்ணா இருக்கு?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கத் தெரியவில்லை. அவளுக்கு வரவில்லை. வரவேற்புப் பெண் திரும்பி வந்து, "என்ன முடிவு பண்ணீங்க? உடனேவா, பத்து நிமிஷமா?" என்று கேட்டாள்.

"அவர் இஷ்டம்," என்றாள் அவள்.

அவன் அவளையும் வரவேற்புப் பெண்ணையும் மாறி மாறிப் பார்த்தான். "அஞ்சுல வைங்க," என்றான் பாதுகாப்பாக.

திங்கட்கிழமை பதினொன்றுக்குக் கொஞ்சம் முன்னாலேயே அவள் பையை எடுத்துக்கொண்டு அந்த அறைக்குப் போனாள். பிளாட்டர் ஒரு நீளமான படத்தைத் துப்பிக்கொண்டிருந்தது, முடியும்வரை நின்றாள். பிறகு சுவரிலிருந்து அதன் செருகியைப் பிடுங்கி, பம்பின் செருகியை மாட்டினாள். அறையில் இருந்தது அந்த ஒரே பிளக்தான். கதவைத் தாழிட்டாள். தாழ்ப்பாள் கொஞ்சம் முரண்டு பிடித்தது. ஏழு வாரமாக யாரும் போடவில்லை.

நாலு நிமிடம்கூட ஆகவில்லை, கதவு தட்டப்பட்டது.

"உள்ள யாரு? பிரிண்ட் எடுக்கணும். கிளையன்ட் வந்து உக்கார்ந்திருக்காரு." பென்சில் சார்.

"நான்தான் சார். இருபது நிமிஷம் ஆகும்."

"என்னம்மா, இன்னைக்குப் பார்த்தா? வேற எங்கயாவது…"

"வேற எங்க சார்?"

வெளியே காலடிச் சத்தம் கேட்கவில்லை. அவர் போகவில்லை, நின்றுகொண்டிருக்கிறார். வேற எங்க என்பதற்கு இப்போதுதான் முதல் முறையாக யோசிக்கிறார்போல. பம்ப் மூச்சு விட்டது. ஒரு சொட்டு வரவில்லை. கோபத்தில் உடம்பு இறுகிப்போய்க் கிடந்தது. இவ்வளவு வீம்பு பண்ணிவிட்டு வெறும் பாட்டிலோடு வெளியே போவதா என்று நினைத்தபோது இன்னும் இறுகியது. பாப்பாவின் உச்சந்தலையை நினைத்துப் பார்த்தாள். பென்சில் சாரின் தலைதான் வந்தது. காதுப் பென்சிலோடு.

தன்னையறியாமல் சிரித்துவிட்டாள். கொஞ்சம் கழித்து, பாட்டிலின் அடியில் முதல் துளி விழுந்தது. பிறகு இழை கட்டியது.

"எவ்வளவு நேரம்மா?" என்றார் பென்சில் சார், இந்த முறை தட்டாமல், குரலைத் தாழ்த்தி. "கிளையன்ட்டுக்கு ஏதாவது சொல்லணுமே."

அவள் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று ஒன்பது.

"இன்னும் பதினோரு நிமிஷம் சார்," என்றாள். "நாளைக்கும் இதே நேரம்தான். அவருக்கும் சொல்லி வச்சிடுங்க."